இருட்டுக்குள் இருந்த கணக்கு

எங்கள் மாதர் சேமிப்புக் குழுவில் 43 பேர் இருக்கின்றோம். பெரும்பாலானோர் குடும்பப் பொறுப்பைத் தனியாகச் சுமக்கும் பெண்கள். குழுவின் கணக்கு எழுதுபவள் நான். 2012இல் பாவித்த மடிக்கணினி ஒன்று எங்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது. மூன்று மாத வகுப்புக்குப் போய், பயந்து பயந்துதான் அதைத் தொடப் பழகினேன்.

கடந்த மாசி மாதம், பொதுக்கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் திரை இருண்டுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் ஒரு கணம் சிவந்த வெளிச்சம் வரும். பிறகு ஒன்றுமில்லை. கடையில் காட்டினேன். “போர்ட் போட்டுது அக்கா, 35,000 ரூபா முடியும். புதுசு வாங்குறது நல்லம்” என்றார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மாரி வெள்ளத்தில் சேமிப்புப் புத்தகத்தைப் பறிகொடுத்த ஒரு சகோதரி, ஆறு தவணை கட்டிவிட்டேன் என்கிறார். குழுவில் சிலர் அதை நம்பவில்லை. தவணை பாக்கி என்று முடிவானால் தையல் இயந்திரத்துக்கு அவர் கேட்ட அடுத்த கடன் கிடைக்காது. அவர் சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கணினிதான். வேறொரு பிரதி எடுத்து வைக்காதது என் பிழை.

அன்றிரவு, வவுனியாவில் கணினித் திருத்தம் படித்த என் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மாமி, உள்ளுக்கை விசிறி சுத்துற சத்தம் கேக்குதோ?”

“கேக்குது பிள்ளை.”

“அப்ப அது உயிரோடைதான் இருக்கு. நான் சொல்லுறதை ஒவ்வொண்டாச் செய்யுங்கோ.”

முதலில் சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, சுவிட்சை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கினால் சில கணினிகள் சுகப்படுமாம். பின்பு சார்ஜரை மட்டும் செருகிப் போட்டேன். மாற்றமில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையையும் அழுத்தினேன். அதுவும் உதவவில்லை. மூடியை மெல்ல அசைத்துப் பார்த்தேன். திரை மின்னி மின்னி வந்தால் பிணைச்சலுக்குள்ளால் போகும் வயரில் பழுது இருக்கலாம். அப்படியும் வரவில்லை.

“இனி லைற்றை நூத்துப்போட்டு, ரோச்சைத் திரைக்குச் சரிவாப் பிடிச்சுப் பாருங்கோ மாமி.”

பார்த்தேன். நிழல்போல என் கோப்புகளின் படங்கள் தெரிந்தன! பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கில் துளி மண்ணெண்ணெய் விட்டு, புத்தகத்தைச் சரித்துப் பிடித்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தவள் நான். அந்த ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

மருமகள் விளக்கினாள். இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பழைய மடிக்கணினிகளில் திரைக்குப் பின்னால் ரியூப் லைற் போன்ற மெல்லிய குழாய் எரியும். இப்போது வருபவற்றில் அந்த வேலையை எல்.ஈ.டி. விளக்குகள் செய்கின்றன. குழாய் முதுமையடைந்தால் சிவப்பாக எரிந்து அணைந்துவிடும். அதற்கு மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் சிறிய தகடு பழுதானாலும் இருளும். படம் உருவாகிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஆனால் நாங்களாகத் திறக்கக்கூடாது. அந்தத் தகட்டில் பல நூறு வோல்ற் பாயும், குழாய்க்குள் பாதரசம் இருக்கும்.

மறுநாள் பாலர் பாடசாலையில் ஒதுக்கிக் கிடந்த மொனிற்றரைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் நீல நிறச் செருகியைக் கணினியின் பக்கத்தில் பூட்டினேன். ‘எவ்.என்’ விசையோடு, திரைப் படம் போட்ட விசையையும் சேர்த்து அழுத்தினேன். எல்லாம் பளிச்சென்று வந்தது. போர்ட்டில் பழுதே இல்லை. செலவு ஒரு சதமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் கணக்கைத் திறந்தேன். ஆறு தவணையும் திகதியோடு இருந்தன. அந்தச் சகோதரி உரத்துப் பேசவில்லை. “நான் பொய் சொல்லேல்லை எண்டு இப்ப தெரிஞ்சுதுதானே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கடனும் அனுமதிக்கப்பட்டது.

இப்போது மாதம் முடிய, கணக்கைப் பென் ட்றைவில் பதிந்து பொருளாளர் வீட்டில் வைக்கின்றோம். அச்சிட்ட தாள் ஒன்று தலைவியிடம் இருக்கும். மடிக்கணினி மொனிற்றரோடு மேசையில் இருந்தபடி இன்னும் வேலை செய்கின்றது.

அன்புச் சகோதரிகளே, உங்கள் குழுக் கணினியின் திரை இருண்டால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சத்தம் கேட்கின்றதா என்று காது கொடுங்கள். பிறகு ஒரு ரோச்சை எடுங்கள். அதற்கும் முன், இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.