கடைசி யூனிட்

வருஷா வருஷம் ஜூன் மாதம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு சுயம்வரம் நடக்கும். எந்த பேப்பர் யாருக்கு என்று பிரித்துக்கொள்ளும் வைபவம்! நான் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு சமூகப்பணி நடத்துகிற வாத்தியார். ('அப்படீன்னா தெருக்கூட்டக் கத்துத் தருவீங்களா ஸார்?' என்று என் கல்யாணத்திலேயே ஒருவர் கேட்டார்.)

சுயம்வரத்தில் ஹெச்.ஆர். பேப்பருக்குத்தான் அடிதடி. பையன்களுக்குக் கம்பெனி வேலை அதில்தானே! குழந்தைகள் நலத்துக்கும் கிராக்கி உண்டு. போட்டோ அழகாக விழும். கடைசியில், ஆறிப்போன உப்புமா மாதிரி ஒன்று மிஞ்சும். 'முதியோர் நலம்'. அந்தப் பேச்சு வந்ததுமே எல்லோருக்கும் அவசரமாக போன் வரும். நாலு வருஷம் முன்னால் எனக்கு மட்டும் போன் வரவில்லை. மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் முதியோர் எங்களுக்கு வேறொரு பேப்பரின் கடைசி யூனிட். பரீட்சை நெருங்கும்போது, "அதை நீங்களே படிச்சுக்குங்கப்பா" என்று முடித்துவிடுவோம்.

எங்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. டாடா அறக்கட்டளை பம்பாயில் நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியது 1936-ல். அப்போது சராசரி ஆயுள் நாற்பதைக்கூடத் தொடவில்லை. கிழவர்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஆனால், 2011 சென்சஸில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர்! எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு மட்டும் அந்தச் சேதி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டாவெறுப்பாக நோட்ஸ் தயாரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 76 வயது. போஸ்ட் ஆபீஸில் ரிட்டயரானவர்.

"சார்பு விகிதம்னு எழுதியிருக்கியே... என்னடா அது?"

"உழைக்கிற வயசுல இருக்கிற நூறு பேருக்கு, அவங்களை நம்பி எத்தனை வயசானவங்கன்னு ஒரு கணக்குப்பா. 2011-ல 14 பேர்."

"உழைக்கிற வயசுன்னா?"

"15-லேர்ந்து 59."

"அப்போ நான் உன்னை நம்பி இருக்கேன்?"

"கணக்குப்படி..." என்று இழுத்தேன்.

"சரி. உன் ஃப்ளாட் லோனுக்கு மாசம் எட்டாயிரம் என் பென்ஷன்லேர்ந்துதானே போகுது? உன் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து அழைச்சுட்டு வர்றது யாரு? மூணு வருஷமா வேலை தேடறானே உன் மச்சான், அவன் எந்தப் பக்கம்?"

"அவன்... உழைக்கிற வயசுப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு ரூபா இடிச்சாலும் கணக்கு முடியாம வீட்டுக்குப் போக மாட்டோம். உங்க கணக்கு நிறைய இடிக்குதேடா!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற கிழவங்களை எல்லாம் பேட்டி எடுக்க பசங்களை அனுப்பறே. என்கிட்ட ஒரு நாளாவது 'எப்படிப்பா இருக்கே'ன்னு கேட்டிருக்கியா?"

முதியோர் இல்லத்துக்குப் பையன்கள் எடுத்துப்போகும் கேள்வித்தாள் மேஜை மேலேயே கிடந்தது. மொத்தம் 42 கேள்விகள். எல்லாம் நானே தயாரித்தவை. 'வீட்டில் உங்களிடம் பேசுபவர் யார்?' என்பது பதினேழாவது கேள்வி. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் நோட்ஸைத் திறக்கவில்லை. "வீட்ல தாத்தா, பாட்டி காசுல படிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். முதலில் கூச்சம். அப்புறம் ஒவ்வொன்றாக, பாதி வகுப்பு தூக்கியது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "பாட்டிக்கு வர்ற முதியோர் பென்ஷன்லதான் ஸார் என் மெஸ் பில்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த பேப்பரை முதல் தடவையாக நடத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த ஜூன் சுயம்வரத்தில் நானாகவே கை தூக்கி, "முதியோர் நலம் எனக்கு" என்றேன். ஹெச்.ஓ.டி. கவலையோடு பார்த்தார். "ஏன் ஸார், உடம்புக்கு ஏதாவது..?"

இப்போதெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்ஸை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து விடுகிறார். நடுநடுவே பேச்சு எங்கெங்கோ போகிறது. அம்மாவைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, பழைய மணியார்டர் கதைகளைப் பற்றி. பதினோரு மணிக்கு பேப்பரை நீட்டுவார்.

"இன்னும் டேலி ஆகலைடா. நாளைக்குப் பார்ப்போம்!"