நஞ்சை நிறுத்திய மலை

சேலத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால், கொங்குச் சமவெளியின் நடுவே செந்நிறம் தோய்ந்த குன்று ஒன்று தனித்து நிற்பதைக் காணலாம். அதுவே அம்மையும் அப்பனும் ஓருருவாய் எழுந்தருளியுள்ள திருச்செங்கோடு. தேவாரம் இத்தலத்தைக் கொடிமாடச் செங்குன்றூர் என்று போற்றுகிறது. நாகாசலம், நாககிரி என்னும் பெயர்களும் இம்மலைக்கு உண்டு.

முழங்கால் ஒத்துழைக்காத அன்பர்கள் மலைப்பாதையில் வண்டியேறி மேலே சென்றுவிடுகிறார்கள். ஆனால் ஆயிரத்து இருநூறு படிகளை நடந்து கடப்பவர்களுக்கு இடைவழியில் ஒரு தரிசனம் காத்திருக்கிறது. நாகர்பள்ளம் என்னும் அவ்விடத்தில், மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்ட ஐந்தலை நாகம் அறுபது அடி நீளத்திற்கு நெளிந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தூவிய மஞ்சளும் குங்குமமும் அதன் உடல் முழுவதும் படிந்திருக்கின்றன. அகல் விளக்கேற்றி, கைகூப்பி, சற்று ஒதுங்கி நின்று வணங்கிவிட்டு மேலே நடக்கிறார்கள். அந்த "சற்று ஒதுங்கி நிற்றல்" வெறும் பழக்கமன்று. இந்தச் சமவெளியின் மக்கள் நாகத்தோடு வாழக் கற்ற முறையே அதுதான்.

ஆதிசேடனுக்கும் வாயுதேவனுக்கும் யார் வலியர் என்னும் போட்டி எழுந்தது என்கிறது தலபுராணம். மேருவின் சிகரத்தை ஆதிசேடன் தன் படங்களால் இறுகப் பற்றிக்கொள்ள, வாயு பெருங்காற்றாய் மோதினான். சிகரத்தின் ஒரு பகுதி பெயர்ந்து ஆதிசேடனின் குருதி தோய இங்கே விழுந்தது. அதனால் மலை சிவந்தது, செங்கோடு என்னும் பெயரும் வந்தது. புராணத்தின்படி இம்மலை நாகம் காயப்பட்ட இடம். நாகத்தை வென்ற வெற்றிச் சின்னமாக அல்லாமல், அது பட்ட துன்பத்தின் நினைவாகவே ஊர் அதை வழிபடுகிறது.

மலைமேல் கருவறையில் நிற்கும் அர்த்தநாரீசுவரர் திருமேனி வெண்பாடாணத்தால் ஆனது என்பது மரபு. பாடாணம் என்றால் நஞ்சு. ஆனால் அத்திருமேனியின் அடியில் ஊறும் தேவதீர்த்தத்தையே பக்தர்கள் பிணிதீர்க்கும் மருந்தாகக் கையேந்திப் பெறுகிறார்கள். திருஞானசம்பந்தர் இங்கே தங்கியிருந்தபோது, உடன்வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் வருத்தியது. அப்போது பிள்ளையார் பாடியருளியதே திருநீலகண்டப் பதிகம். எத்தனையோ திருநாமங்கள் இருக்க, நோய் நீங்க அவர் ஆணையிட்டுச் சொன்னது நஞ்சைத் தாங்கிய கண்டத்தின் பெயரையே.

திருச்செங்கோட்டிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் நாமக்கல் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு ஒரே பாறையாலான மலையே அடையாளம். அதன் மேற்குப் புறத்தில் நரசிம்மர் குடைவரை. கிழக்குப் புறத்தில் அரங்கநாதர் குடைவரை. அதியர் மரபினர் குடைவித்த இக்கோயில் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணு கிருகம் எனக் குறிக்கப்படுகிறது.

பெருமாள் பள்ளிகொண்ட தலங்களில் பெரும்பாலும் ஆதிசேடனே அணையாக இருக்க, இங்கே கார்க்கோடகன் மேல் அவர் சயனித்திருக்கிறார். கார்க்கோடகன் யார் என்பது நளன் கதையைக் கேட்டு வளர்ந்த முதியோர்க்குத் தெரியும். காட்டுத்தீயில் சிக்கித் தவித்த அந்நாகத்தை நளன் தூக்கிச் சென்று காத்தான். பத்தாம் அடியில் அது அவனைத் தீண்டியது. அவன் உருவம் மாறியது. ஆனால் நஞ்சு நளனை வருத்தவில்லை, அவனுள் குடிபுகுந்திருந்த கலியையே சுட்டது. பகைவர் கண்ணில் படாமல் மறைந்து வாழவும் அந்த மாற்றுருவமே துணை செய்தது. அஞ்சவேண்டிய உயிரும் அருள்செய்யும் உயிரும் ஒன்றே என்பதைத் திருச்செங்கோடும் நாமக்கல்லும் தத்தம் முறையில் சொல்கின்றன.

இவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்வோர்க்கு நாகம் புராணம் மட்டுமன்று. மரவள்ளிக்காடும், நிலக்கடலைக்காடும், காவிரிக் கரையின் கரும்பும் வாழையும், பரமத்திவேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும் நிறைந்த நாடு இது. விளைச்சல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். கோழிப்பண்ணைகளில் சிந்தும் தீவனத்திற்கு எலி வருவதும், எலியைத் தேடிப் பாம்பு வருவதும் நாமக்கல்லில் புதிதன்று. உழவன் உழைப்பில் எலி தின்னும் பங்கைக் குறைத்துத் தருவது பாம்பே.

ஆகவேதான் தோட்டத்து வரப்பில் அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் இடத்தில் நாகக்கல் நட்டார்கள். புற்று இருக்கும் இடத்தை உழாமல் விட்டார்கள். இரவில் "பாம்பு" என்று சொல்லாமல் "பூச்சி" என்றார்கள். உயிரைப் பறிக்கவல்ல நாகத்துக்கே "நல்லபாம்பு" என்று பெயரிட்டார்கள். ஆடி மாதத்திலும் நாகசதுர்த்தியிலும் புற்றுக்கு மஞ்சள் பூசினார்கள். கரையான் எடுத்த புற்றில் நாகம் குடிபுகுவது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தான். அதன் வீட்டை வணங்கிவிட்டுத் தள்ளிப்போவது, பக்தியும் பாதுகாப்பும் ஒருசேர அமைந்த ஏற்பாடு.

காலப்போக்கில் சில நம்பிக்கைகள் இதனோடு ஒட்டிக்கொண்டன. பால் பாம்பின் இயற்கை உணவன்று. தாகத்தால் தவிக்கும் நாகத்தின் முன் வைத்தால் அது குடிக்கலாம். ஆனால் பால் அதற்குச் செரிக்காது. பாலைப் புற்றுக்குள் ஊற்றாமல், நாகக்கல்லுக்கு அபிடேகமாகச் செய்தால் வழிபாட்டில் குறை ஏதும் வராது. தீண்டியவரின் சிதைப்புகையை மரத்திலேறிப் பார்க்கும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறி மூக்கன் நஞ்சற்ற எளிய உயிர். வயலில் பின்னிப் பிணைந்து எழுபவை சாரையும் நாகமும் அல்ல. பெரும்பாலும் வலிமை சோதிக்கும் இரண்டு ஆண் சாரைகள். சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு என நாம் அடித்துக் கொல்பவற்றுள் பல எவருக்கும் கேடு செய்யாதவை.

உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவை தரும் துயரம் சிறிதன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டனர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர். மழைமாதங்களிலேயே இழப்பு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒன்றாக ஆக்கியது.

எங்கே நேர்கின்றன இக்கடிகள்? வைகறையில் மாட்டுக்குத் தீவனம் எடுக்கச் சோளத்தட்டுப் போரில் கைவிடும்போது; இருளில் வெறுங்காலோடு களத்து மேட்டைக் கடக்கும்போது; கோடையில் காற்றுக்காகத் திண்ணையிலோ தரையிலோ பாய்விரித்துப் படுக்கும்போது. கட்டுவிரியன் இரவில் உலவுவது. உறங்குபவரைத் தீண்டினால் பலருக்கு வலியோ வீக்கமோ தெரிவதில்லை. பல்தடமும் கண்ணில் படாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை தாழ்தல், பேச்சுக் குழறல் என வெளிப்படும். அஜீரணம் என்று எண்ணிக் கழியும் ஒவ்வொரு மணியும் உயிரிலிருந்து கழிவதாகும்.

இத்தகைய வேளையில் சில வீடுகளில் இன்றும் ஒரு தயக்கம் எழுகிறது. முதலில் மந்திரிப்பவரிடமா, மருத்துவமனைக்கா என்பதே அது. முடிவு சொல்வது பெரும்பாலும் வீட்டின் மூத்தவரே. "நாகம் தெய்வம், தெய்வம் தீண்டினால் தெய்வமே தீர்க்கும்" என்று அவர் சொல்லிவிட்டால் இளையோர் மறுப்பதில்லை. ஆகவே இதில் முதியோரின் சொல்லுக்கு ஓர் உயிரின் எடை உண்டு.

அந்தத் தயக்கத்தைத் தீர்க்கும் விடை பாம்பின் நஞ்சிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. இந்த நான்கு பாம்புகளையும் பிடித்து, கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, மீண்டும் இயற்கையிடமே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு மிகச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்பட, அவற்றின் குருதியில் எதிர்ப்பாற்றல் உருவாகிறது. அதிலிருந்து எடுக்கப்படுவதே நான்கு நஞ்சுகளுக்கும் பொதுவான முறிமருந்து. இருளர் மரபைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வெண்பாடாணத் திருமேனியின் அடியில் மருந்து ஊறுவதை நம்பும் நெஞ்சத்திற்கு, நாகத்தின் நஞ்சிலிருந்தே மருந்து பிறப்பது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

எனவே பாம்பு தீண்டியவரை நடக்கவிடாமல், தீண்டிய கையையோ காலையோ அசையாது வைத்து, 108 ஊர்தியை அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே கடமை. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீமையையே கூட்டும். மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரத்தைச் செலவிடலாகாது. முதியவராயின் அன்றாடம் உண்ணும் மருந்துகளை, குறிப்பாகக் குருதி உறையாமைக்கான மாத்திரைகளை, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீலகண்டன் திருநாமம் வழியெல்லாம் நாவில் இருக்கட்டும். வண்டி மருத்துவமனையை நோக்கியே ஓடட்டும்.

வருமுன் காப்பதும் எளிது. கோயிலுக்கு இருள் பிரியுமுன் புறப்படுவோர் காலணியும் கைவிளக்கும் கைத்தடியும் இன்றிச் செல்லலாகாது. காலணியைக் கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வை அது உடலால் உணரும். தடியைத் தட்டி நடந்தால் பெரும்பாலும் தானே விலகிவிடும். தரையில் படுப்போர் கட்டிலுக்கு மாறி, கொசுவலையின் ஓரத்தைப் பாயடியில் செருகிக்கொள்வது நல்லது. விறகும் தேங்காய் மட்டையும் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டினுள் பாம்பு நுழைந்துவிட்டால் அடிக்க முற்படாமல், விலகி நின்று கண்காணித்துத் தீயணைப்புத் துறையினரை அழைக்கலாம். பாம்புகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. கொல்லாமை நம் முன்னோர் வகுத்த அறமும் ஆகும்.

மீண்டும் செங்கோட்டு மலையுச்சிக்கு வருவோம். ஆலகாலம் எழுந்தபோது பெருமான் அதை உண்டார். அது உள்ளே இறங்காதபடி உமையம்மை தன் கையால் அவர் கண்டத்தில் நிறுத்தினாள் என்பர். நஞ்சு அழிக்கப்படவில்லை, உலகின்மேல் சிந்தவிடப்படவுமில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டது. அவ்வாறு நிறுத்திய அம்மையே இங்கே அப்பனின் இடப்பாகமாய், பிரியாத பாதியாய் நிற்கிறாள்.

பாம்போடு வாழ்வதும் அவ்வாறே. அதை ஒழிக்கவும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். புற்றில் அது, வீட்டில் நாம். இடையில் ஒரு மரியாதையான தொலைவு. நாகர்பள்ளத்தில் குங்குமம் தூவிவிட்டு ஒதுங்கி நிற்கும் மூதாட்டி ஒவ்வொருவரும் கடைப்பிடிப்பது அதைத்தான். படியிறங்கி வீடு திரும்பியதும் பேரக்குழந்தைக்குப் பிரசாதத் திருநீற்றைப் பூசும்போது, நாகர் கதையோடு இந்த எச்சரிக்கையையும் அவள் சொல்லிவைத்தால், அம்மையப்பன் அருள் அந்தக் குடும்பத்தை இருவகையிலும் காத்து நிற்கும்.