சொல்ல வாயில்லாத வலி



வயது அறுபதைக் கடந்த பின் என் வலது முழங்கால் என்னோடு வழக்காடத் தொடங்கியது. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்து வைக்கும் முதல் பத்து எட்டுகள் பெரும்பாடு. பள்ளிவாசலை அடைவதற்குள் கால் சற்று இளகிவிடும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர் 'மூட்டுத் தேய்வு' என்றார். அன்று முதல் வீட்டில் எனக்கு ராஜ உபசாரம்தான். மாடிப்படி ஏற விடுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்க விடுவதில்லை. எனக்கு வலிக்கிறது என்பதை வாய்திறந்து சொல்ல என்னால் முடிந்தது. அதனால் எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

இதே நோய், சொல்ல வாயில்லாத ஒரு ஜீவனுக்கு வந்ததையும், அதன் வலியில் என் கையும் சேர்ந்திருந்ததையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அத்தா சிதம்பரம் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டியவர்கள். வண்டியில் பூட்டியது 'சிட்டு' என்னும் பழுப்பு நிற மட்டக்குதிரை. ரயிலில் வந்திறங்கும் மாணவர்களை அண்ணாமலை நகருக்கும், யாத்திரிகர்களைத் தேரோடும் நான்கு வீதிகளுக்கும் ஏற்றிச் செல்வதுதான் தொழில். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும், நான் பள்ளிக்கூடம் போனதும் அதன் நான்கு கால்களால்தான்.

1974ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சிட்டுவின் நடை மாறியது. காலையில் கொட்டிலைவிட்டு வெளியே வரும்போது இடது பின்னங்காலை இழுத்து வைக்கும். நூறு அடி நடந்ததும் சரியாகிவிடும். "குளிர் விறைப்பு" என்று அத்தா முதலில் எண்ணினார்கள். நாளடைவில் வண்டியைத் திருப்பும்போது தயங்கியது. லாடம் அடிக்கக் காலைத் தூக்கினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அந்தக் காலின் லாடம் மட்டும் நுனியில் தேய்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் சொற்கேட்டு மூட்டின்மேல் சூடும் போட்டார்கள். சூட்டுப் புண் ஆறிற்று, நொண்டல் ஆறவில்லை.

பிறகுதான் அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் இளைஞர். காலைத் தூக்கி மூட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்தார். விட்டவுடன் சிட்டுவை ஓடச் சொன்னார். முதல் சில அடிகளில் நொண்டல் அப்பட்டமாகத் தெரிந்தது. "பாய், பின்னங்காலின் நடு மூட்டு தேய்ந்திருக்கிறது. இதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வலியைக் குறைக்கலாம், மேலும் கெடாமல் தள்ளிப்போடலாம்" என்றார். பினைல்பியூட்டசோன் என்ற மருந்துப் பொடியைப் பொட்டலங்களாகக் கட்டி, இன்ன அளவுதான், இத்தனை நாள்தான் என்று கண்டிப்பாகக் கூறினார். அதுவரை வண்டியில் பூட்டக் கூடாது என்றும் சொன்னார்.

அப்போது மார்கழி பிறந்துவிட்டது. சிதம்பரத்தில் மார்கழி என்றால் தேரும் ஆருத்ரா தரிசனமும்! ஊர் முழுவதும் வெளியூர் மக்கள். ஜட்காக்காரர்களுக்கு ஆண்டின் அறுவடையே அந்தப் பத்து நாட்கள்தாம். அக்காவின் நிக்காஹ் தை மாதத்தில் பேசி முடித்திருந்தது. கையில் பணமில்லை. "பொட்டலம் கொடுத்த பிறகு சிட்டு நன்றாகத்தானே நடக்கிறது? பூட்டினால் என்ன?" என்று அத்தாவை வற்புறுத்தியவன் நான்தான். எனக்கு அப்போது 17 வயது. அத்தா அரைமனதாக இசைந்தார்கள். நான் அதோடு நிற்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் தினமும் ஒரு பொட்டலத்திற்கு இரண்டாகக் கொள்ளில் கலந்து வைத்தேன்.

சிட்டு ஓடியது! ஆறு பேரை ஏற்றினாலும் ஓடியது. நான்கு நாட்கள் காசு குவிந்தது. ஐந்தாம் நாள் காலை தீனியைத் தொடவில்லை. வாயில் புண், கழிச்சல், இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. தலையைத் தொங்கப் போட்டு நின்ற அதைக் கண்டதும் அழுதுகொண்டே அத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர்கள் என்னை அடிக்கவில்லை. "அதற்கு வலிக்கிறது என்று சொல்லும் ஒரே வாய் அதன் கால்தான். அந்த வாயையும் நீ அடைத்துவிட்டாயே தம்பி" என்றார்கள். அந்தச் சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

மருத்துவர் விளக்கியது இதுதான். மூட்டில் எலும்பு நுனிகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் இரத்தக் குழாய் இல்லை. ஆகவே தேய்ந்தால் எளிதில் வளராது. அதில் நரம்பும் இல்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது வலிக்காது. வலி தெரியும்போது கேடு முற்றியிருக்கும். தார்ச்சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதும், மிகைப்பாரமும், கோணலாக வளர்ந்த குளம்பும் அந்தத் தேய்வை விரைவாக்கும். வலிமருந்து வலியை மறைக்குமேயன்றி தேய்வை நிறுத்தாது. வலி மறைந்த காலில் பாரம் ஏற்றினால் மூட்டு இன்னும் நொறுங்கும். அளவு மீறிய மருந்தோ வயிற்றையும் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

இறையருளால் சிட்டு பிழைத்தது. தரகர் ஒருவர் வந்து விலை பேசினார். விற்றால் கல்யாணச் செலவில் ஒரு பங்கு கிடைக்கும். "விற்றுவிடலாம் அத்தா" என்று அப்போதும் சொன்னேன். அத்தா மறுத்துவிட்டார்கள். "வாங்குகிறவன் இதன் காலைப் பார்ப்பானா, போட்ட காசைப் பார்ப்பானா? இது நம்மிடம் உள்ள அமானிதம்" என்றார்கள். வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் இறைவனை அஞ்சி நடக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நான் மதரஸாவில் மனனம் செய்திருந்தேன். அத்தா அதன்படி நடந்து காட்டினார்கள். நிக்காஹ் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொள்ளு ஊறவைக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு வீட்டின் ஒழுங்கே மாறியது. சிட்டுவைக் கட்டியே போடக் கூடாது என்பது மருத்துவரின் முதல் அறிவுரை. மூட்டிலுள்ள நீர்தான் குருத்தெலும்புக்கு உணவு. கால் அசைந்தால்தான் அது ஊறிச் சேரும். ஆகவே காலையிலும் மாலையிலும் கான்சாகிப் வாய்க்கால் கரையின் மண் தடத்தில் மெல்ல நடத்திச் சென்றேன். அது என் வேலையாயிற்று. என் பிராயச்சித்தமும் அதுவே. கொட்டிலில் கல்தரைமேல் வைக்கோல் கனமாகப் பரப்பினோம். ஆறேழு வாரத்திற்கு ஒருமுறை லாடக்காரரை வரவழைத்துக் குளம்பைச் சமமாகச் சீவினோம். உடல் கனத்தால் மூட்டுக்குச் சுமை என்பதால் தீனியை அளந்து வைத்தோம். சில மாதங்கள் கழித்து மருத்துவர் இசைவு தந்த பிறகே வண்டியில் பூட்டினோம். அப்போதும் இரண்டே பேர். ஓட்டம் இல்லை, நடைதான். வருமானம் பாதியாயிற்று. ஆயினும் சிட்டு இன்னும் ஆறு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் வண்டியே இழுக்கவில்லை.

அன்புச் சகோதர சகோதரிகளே! 'இராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்று பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டிற்குக் குதிரைகள் வந்திறங்கின. அவற்றைப் பேணத் தெரிந்தோர் இல்லாமையால் பெரும்பகுதி மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர்கள், அவற்றின் நோயை அறிய முயலவில்லை. எண்ணிப் பார்த்தால், அந்த மார்கழியில் நானும் அவர்களில் ஒருவன்தான்.

சிதம்பரத்து ஜட்காக்களின் இடத்தை ஆட்டோக்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் குதிரைகள் மறையவில்லை. பழனியில் வண்டி இழுக்கின்றன. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சென்னைக் கடற்கரையிலும் நம் பிள்ளைகளைச் சுமக்கின்றன. நோயாலோ முதுமையாலோ தகுதியற்ற பிராணியிடம் வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இழுவைப் பிராணியிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்பது 1965ஆம் ஆண்டு விதி. மூட்டுக்குள் ஊசி போடும் சிகிச்சைகள் இன்று வந்துள்ளன. எனினும் தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றும் இல்லை. பேணுதல் ஒன்றே வழி.

குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன் அதன் காலை ஒரு கணம் பாருங்கள். முதல் எட்டை இழுத்து வைக்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் மாற்றி மாற்றி நிற்கிறதா, மூட்டு வீங்கியிருக்கிறதா? அப்படியானால் ஏற்றாதீர்கள். ஓட்டுபவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவர் வீட்டிலும் ஒரு நிக்காஹ் தள்ளிப் போயிருக்கலாம். சவாரிக்கு வைத்திருந்த காசை அவர் கையிலேயே கொடுத்து, "இதற்குக் கால் வலிக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று அன்போடு சொல்லுங்கள்.

இன்று காலையும் என் முழங்கால் விறைத்தது. மாத்திரையை எடுத்த கை, ஒன்றோடு நின்றது. வாய்க்கால் கரையில் சிட்டுவை நடத்திய அதே மெதுநடையில் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டேன். அந்த வாயில்லா ஜீவனுக்கு நான் செய்த தீங்கை இறைவன் மன்னிப்பானாக! ஆமீன்.