50 மணி நேரமும் ஒரு மெழுகுவர்த்தியும்

ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத்தைத் தம் தொழில்சார் மேம்பாட்டுக்காகச் செலவிட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 எதிர்பார்க்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1964–66 காலத்துக் கோத்தாரி ஆணையம், ஐந்தாண்டுப் பணிக்கு இரண்டு அல்லது மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. எவ்வளவு நேரம் என்பதைப் பற்றி நம் கல்வித்துறை நீண்ட காலமாகப் பேசிவருகிறது. அந்த நேரத்துக்குள் ஆசிரியரிடம் என்ன நிகழ வேண்டும் என்ற பேச்சு அந்த அளவுக்கு நடந்ததில்லை. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோர நடுநிலைப் பள்ளி ஒன்றில் 35 ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் கற்பித்து, இப்போது ஓய்வை நெருங்கியிருக்கும் ஓர் ஆசிரியருக்கு அதுகுறித்துச் சொல்ல நிறைய இருக்கிறது.

1988இல் அவர் பணியில் சேர்ந்தபோது அம்மாவட்டத்தின் பெயர் ஹோஷங்காபாத். 2022 முதல் அது நர்மதாபுரம். இந்திய அறிவியல் கல்வி வரலாற்றில் பழைய பெயருக்குத் தனி இடம் உண்டு. ரசூலியாவில் இயங்கிய ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் கிஷோர் பாரதியும் சேர்ந்து 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்துச் சென்றது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனை செய்வார்கள். ‘பால் வைக்ஞானிக்’ என்னும் பாடநூலில் செய்முறையும் கேள்விகளும் இருக்கும், விடைகள் இருக்கமாட்டா. தேர்வறைக்குள் நூலை எடுத்துச் செல்லலாம். உலோக ஊசிக்குப் பதில் கருவேல முள் போதுமானதாயிருந்தது.

விடையில்லாத நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்வார்? அதற்காகவே கோடை விடுமுறையில், ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று வார அளவில், பயிற்சி முகாம்கள் நடந்தன. அறிவியலில் பட்டம் பெற்றிருந்த அவர், தமக்கு அங்கே கற்க அதிகமில்லை என்ற எண்ணத்தோடுதான் முதல் முகாமுக்குப் போனார். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு மெழுகுவர்த்தி.

தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கண்ணாடிக் குவளையால் மூடினால் சுடர் அணையும். குவளைக்குள் நீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தை நீர் நிரப்புகிறது என்பது அவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. முகாமில் அந்த விடையை யாரும் மறுக்கவில்லை. ஒரே குவளைக்குள் இரண்டு, பிறகு மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பார்க்கும்படி மட்டும் சொன்னார்கள். வர்த்திகள் கூடக்கூட நீர் மேலும் உயர்ந்தது. குவளைக்குள் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறாதிருக்க, நீர்மட்டம் ஏன் மாறுகிறது? இன்னொரு குழு, சுடர் எரியும்போது நீர் அதிகம் ஏறவில்லை என்றும், அணைந்த பிறகே விரைந்து ஏறுகிறது என்றும் கவனித்தது. மூடும்போது குவளையின் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறுவதை மூன்றாவது குழு கண்டது. சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறுகிறது, எஞ்சியது குளிரும்போது சுருங்குகிறது, நீர் உள்ளே ஏறுகிறது என்ற விளக்கத்துக்கு அவர்கள் வந்து சேர ஒரு முழுப் பகல் ஆயிற்று.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கை எப்படிக் காண்பது? சோதனைக் குழாயின் உட்புறத்தை நனைத்து, இரும்புத் தூளை ஒட்டவைத்து, நீர்த்தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார்கள். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க, சில நாள்களில் நீர் குழாயின் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு அருகே வந்து நின்றது. அதைக் காணும் பொறுமைக்கு மூன்று வார முகாமில் இடம் இருந்தது. ஒருநாள் பயிற்சியில் அந்த இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கக்கூட நேரமிராது என்று அவர் இன்றும் சொல்வதுண்டு.

ஆனால் அவர் மனத்தில் ஆழமாகத் தங்கியது முகாமுக்குப் பிறகு நடந்ததுதான். பள்ளி திறந்து அதே சோதனையை வகுப்பில் செய்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஆக்சிஜன் முழுவதும் தீரவில்லை என்றால் சுடர் ஏன் அணைகிறது?” அவரிடம் விடையில்லை. முகாமில் அந்தக் கேள்வி எழவே இல்லை. திட்டத்தில் மாதந்தோறும் சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அவர் கேள்வியை அங்கே கொண்டுபோனார். அங்கிருந்த ஆசிரியர்கள் எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. வந்திருந்த கருத்தாளரும் தமக்குத் தெரியாது என்றார். படித்துவிட்டு அடுத்த மாதம் பேசலாம் என்றார். பேசவும் செய்தார். சுடர் நிலைத்திருக்கக் காற்றில் ஆக்சிஜன் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் கீழே போனதும், கணிசமான ஆக்சிஜன் மீதமிருக்கும்போதே அது அணைந்துவிடும். துருப்பிடித்தலோ மெதுவாக நடப்பது; மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் அது தொடரும். வகுப்பறையில் பிறந்த கேள்வி, இரண்டு மாதம் பயணம் செய்து, வகுப்பறைக்கே விடையாகத் திரும்பியது. தெரியாது என்று சொன்ன அந்தக் கருத்தாளரிடம் தாம் கற்றதை வேறெந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை என்பது அவர் எண்ணம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச அவர் விரும்புவதில்லை. கோடை விடுமுறையை இழக்க மனமின்றி முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். கருவிப்பெட்டி திறக்கப்படாமலே கிடந்த பள்ளிகளும் இருந்தன. சிறு குழந்தைகளை விட்டுவிட்டு மூன்று வாரம் வெளியூரில் தங்குவது பல ஆசிரியைகளுக்கு இயலாததாக இருந்தது. எட்டாம் வகுப்புவரை ஆராய்ந்து கற்ற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் மனப்பாடத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. இவ்வளவு குறைகளோடும் முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. கருவிப்பெட்டிகள் சில காலம் பள்ளிகளில் இருந்தன. மாதக் கூட்டங்கள் உடனே நின்றன. பெட்டி போனதைவிடக் கூட்டம் போனதே பேரிழப்பு என்பதை அவர் பின்னர் உணர்ந்தார்.

அதன்பின் அவர் பங்கேற்ற பயிற்சிகளுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை அடுக்கு முறையில் அமைந்தவை: தேசிய அளவில் சிலருக்குக் கற்பிக்கப்படும்; அவர்கள் மாநிலக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள்; அவர்கள் மாவட்டத்துக்கும் வட்டாரத்துக்கும் கொண்டுவருவார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய நிஷ்டா திட்டம் சுமார் 42 லட்சம் பேரை எட்ட இலக்கு வைத்தது. 2020 அக்டோபரில் அது தீக்ஷா தளத்தின் வழி இணையத்துக்கு மாறியது. இத்தனை பெரிய நாட்டில் இத்தனை ஆசிரியர்களை எட்ட வேறு வழி எளிதன்று என்பதை அவர் ஏற்கிறார். அடுக்கு இறங்கும்போது தகவல் ஓரளவு தப்பிப் பிழைக்கும். ஐயம் பிழைக்காது என்பதே அவருடைய கவலை.

பயிற்சி ஒன்றில் திரையில் அதே மெழுகுவர்த்திப் படம் வந்தது; கீழே அதே ஐந்தில் ஒரு பங்கு விளக்கம். அவர் எழுந்து, மூன்று மெழுகுவர்த்திகள் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கருத்தாளர் இளைஞர். திரையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, “சார், உணவு இடைவேளைக்குள் இன்னும் பதினோரு படங்களை முடிக்க வேண்டும்” என்றார். அந்த இளைஞர்மீது அவருக்குக் கோபமில்லை. மேலே இருந்தவர்கள் அவருக்குப் படங்களைத்தான் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதத்தைக் கொடுக்கவில்லை.

அவருடைய பள்ளிக்கு அண்மையில் வந்த இளம் ஆசிரியை, குழந்தையை உறங்கவைத்த பிறகு இரவில் கைப்பேசியில் மாட்யூல்களை முடிக்கிறார். தொலைவில் தங்க முடியாத தமக்கு அதுவே வாய்ப்பு என்கிறார், அதில் நியாயமுண்டு. ஆனால் அவரே ஒருநாள் சொன்னார்: “சார், முடிவில் வரும் வினாக்களுக்குச் சரியான விடையைத் தொட்டால் சான்றிதழ் வருகிறது. எனக்கு ஒரு கேள்வி வந்தால் அதைத் தொட இடமில்லை.” இணையம், நேர்முகம் என்ற பிரிவைவிட இந்த வேறுபாடு முக்கியமானது. மூடிய அரங்கில் நேர்முகமாகவும் கேள்வி சாகலாம். ஒழுங்காக நடத்தினால் இணையத்திலும் அது வாழலாம்.

அறிவியல் ஆசிரியருக்கான பயிற்சியிலிருந்து அவர் எதிர்பார்ப்பவை மிகச் சில. பொருளைத் தம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தமக்குத் தெரியும் என்று நம்பிய ஒன்றாவது ஆட்டம் காண வேண்டும். வகுப்புக்குப் போய்த் திரும்பிவந்து பேச ஓர் இடம் இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் நல்ல முகாம் போதும். மூன்றாவதற்கு நிலையான அமைப்பு வேண்டும். மாதத்தில் ஒரு பிற்பகலும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். அங்கே எண்ணிக் காட்டுவதற்கு எதுவுமில்லை.

கல்விக் கொள்கை அந்த 50 மணி நேரம் ஆசிரியரின் சொந்த ஆர்வத்தைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. இணைய மாட்யூல்களோடு உள்ளூர்ப் பயிலரங்குகளையும் குறிப்பிடுகிறது. எழுத்தில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கை மெய்ப்பிக்கச் சான்றிதழ் வேண்டும். நான்கு பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் ஒரு மரத்தடியில் கூடி, ஒரு மாணவியின் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டு மணி நேரம் பேசிப் பிரிந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருபவர் யார்? பயிற்சித் திட்டங்களை வகுப்போரும் அவற்றை ஆராய்வோரும் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அது. அவர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. அந்த ஆசிரியைக்கோ இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.