அதிகாலை மூன்று மணி அளவு

இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருக்கும் வீட்டில், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சுகர்தான் அன்றைய பேச்சைத் தீர்மானிக்கிறது. மீட்டரில் 120 வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. 210 வந்தால், “ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?” என்று விசாரணை தொடங்கிவிடும். என் அம்மா பல ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லிவருபவர். இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாத காலைகள் அவருக்கு உண்டு.

காலைச் சர்க்கரை இரவுச் சாப்பாட்டால் மட்டும் ஏறுவதில்லை. விடிவதற்கு முன், உடல் விழிக்கத் தயாராகும்போது கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் இன்சுலினைக் கூட்டி அதைச் சமாளித்துவிடும். ஊசியை நம்பி இருப்பவருக்கு, முந்தைய மாலை போட்ட மருந்தின் வீரியம் அந்த நேரம் பார்த்துக் குறைந்திருந்தால், பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும்.

வேறொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. தூக்கத்தில் லோ சுகர் வந்து, அதைச் சரிக்கட்ட உடல் குளுக்கோஸை அள்ளிவிடுவதால் காலையில் அளவு எகிறலாம் என்று 1930களில் அமெரிக்காவில் மைக்கேல் சொமோஜி என்ற உயிர்வேதியியலாளர் சொன்னார். இப்படி நடப்பது அவர் நினைத்ததைவிட அரிது என்பதை இரவு முழுக்க அளவிடும் இன்றைய கருவிகள் காட்டுகின்றன. ஆனாலும் இரவில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்காமல், காலை எண்ணை மட்டும் வைத்து மாலை ஊசியைக் கூட்டுவது ஆபத்து.

அதனால்தான் அம்மாவின் மருத்துவர், சில இரவுகள் படுக்கும் முன்பும் அதிகாலை மூன்று மணிக்கும் எழுந்தவுடனும் பார்த்து எழுதச் சொன்னார். சாப்பிட்ட நேரம், ஊசி போட்ட நேரம், எத்தனை யூனிட், நடந்தாரா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே குறித்தோம். மூன்று மணிக்கு அளவு சீராக இருந்தது, லோ சுகர் இல்லை. ஏற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவுச் சாப்பாட்டின் மீதிருந்த பழி அன்றோடு நீங்கியது. மாலை ஊசியின் நேரத்தை மருத்துவர் மாற்றினார்.

மதிய அளவுகளையும் எழுதிவந்த அதே நோட்டு இன்னொன்றையும் காட்டியது. ஒரே சாப்பாடு, ஒரே யூனிட், ஆனால் மதிய அளவு மட்டும் நாளுக்கு நாள் தாறுமாறாக இருந்தது. செவிலியர் அம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, தொப்புளுக்கு அருகே தடித்துப்போன இடத்தைக் காட்டினார். வலிக்காத இடம் என்று அம்மா அங்கேயே குத்திக்கொண்டிருந்தார். அப்படித் தடித்த இடத்தில் இன்சுலின் ஒரே வேகத்தில் ரத்தத்தில் சேராது. இடம் மாற்றி மாற்றிப் போடத் தொடங்கியதும் மதிய அளவு ஓரளவு நிலைக்கு வந்தது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154. எப்போதும் 150ஐ ஒட்டியே இருப்பவருக்கும், 60க்கும் 250க்கும் இடையே அல்லாடுபவருக்கும் அதே 7 வரலாம். முதலாமவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இரண்டாமவர் நள்ளிரவில் வியர்த்து, கை நடுங்கி எழுந்து, 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்க்கிறார். சராசரிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஒரு தடவை வரும் எண்ணை வைத்து ஒருவரின் கட்டுப்பாட்டை எடைபோடுவது அநியாயம். ஒரே வேளையில் பல நாள் எடுத்த அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உடல் என்ன செய்கிறது என்று புரியும். ஊசியைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. அவர் அதை ஊகத்தில் செய்யாமல் தெரிந்து செய்ய வேண்டுமானால், வீட்டில் நாம் எழுதும் அந்த நாலு வரி அவர் கையில் இருக்க வேண்டும்.