பற்சக்கரங்கள் கற்பித்த பொறுமை

அரபு இலக்கணமும் தமிழ் இலக்கணமும் போதித்தே நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. ஆயினும், விதியைப் பிழையின்றிக் கடைப்பிடிப்பதன் அருமையை நாம் முதன்முதலில் உணர்ந்தது ஏட்டில் அன்று. ஒரு லாரியின் முன்னிருக்கையில். நம் சாச்சா மேட்டுப்பாளையத்தில் லாரி ஓட்டுநராக இருந்தார். 1980களில், மதரஸா விடுமுறை நாள்களில், உதகையிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிவரும் அவருடைய வண்டியில் நாமும் உடன் சென்று வருவதுண்டு.

அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய கனரக வண்டிகளில் பெரும்பாலானவை இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு 1954இல் கூட்டுச் சேர்ந்து டாட்டா செய்த வண்டிகள் ஒரு குடும்பம். 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்ட நிறுவனத்தின் எண்ணூர் ஆலை வண்டிகள் மற்றொன்று. டாட்டாவின் கூட்டு 1969இல் முடிந்த பின்னரும் ‘டாட்டா பென்ஸ்’ என்னும் பெயர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை.

பழைய லாரிகளின் கியர்ப்பெட்டியில், சுழலும் உறுப்புகளின் வேகத்தைத் தாமே ஒன்றாக்கித் தரும் சிங்க்ரோமெஷ் வளையங்கள் கிடையா. அப்பணி ஓட்டுநருடையது. கணக்கின் எளிமைக்காக ஒன்று கொள்வோம்: மூன்றாம் கியரில் எஞ்சின் 2.4 முறை சுழன்றால் பின்தண்டு ஒரு முறை சுழலும். நான்காம் கியரில் 1.6 முறை சுழன்றாலே போதும். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 சுற்று ஓடும்போது நான்காவதற்கு மாற வேண்டுமாயின், அது 1,600 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். இறங்கும் முன் தள்ளினால் பற்கள் மோதிக் கதறும்.

எனவே கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார், காலை எடுப்பார், எஞ்சின் தணியும் வரை காத்திருப்பார், மீண்டும் கிளட்ச்சை மிதித்து அடுத்த கியரைப் போடுவார். இதுவே ‘டபுள் கிளட்ச்’. இடையில் காலை எடுப்பது வீண் வேலையன்று. அப்பொழுதுதான் கியர்ப்பெட்டியின் முன்தண்டு எஞ்சினோடு இணைந்து, அதன் வேகத்திற்கு வருகிறது. கியரைக் குறைக்கும்போது முறை மாறும்; நியூட்ரலில் காத்திராமல், ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்து எஞ்சினை 2,400க்கு உயர்த்த வேண்டும். கனத்த சக்கரம் பூண்ட டீசல் எஞ்சின் மெல்லத்தான் தணியும். சாச்சாவின் வண்டியில் சுற்றைக் காட்டும் மானி இல்லை; செவியே மானி.

“தள்ளாதே தம்பி. சத்தம் இறங்கட்டும், கியர் தானா விழும்” என்பார் சாச்சா. ‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லைப் பொறுமை என்று பெயர்க்கிறோம். அதன் மூலப்பொருள் கட்டி நிறுத்துதல், அடக்குதல் என்பதாகும். நியூட்ரலில் அவர் கை காத்திருந்த அந்த ஒரு நொடியில் அச்சொல்லின் பொருளை நாம் கண்ணாரக் கண்டோம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை சற்றேறக்குறைய 1,500 மீட்டர் தாழ்கிறது. இங்குதான் இவ்வறிவு உயிரோடு தொடர்புடையதாகிறது. சாச்சாவின் முதலாளி ஒருவர், டீசல் மிச்சமாகும் என்று சொல்லி, இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை உருட்டும்படி வற்புறுத்தினார். சாச்சா மறுத்தார். சொற்போர் முற்றி, அவ்வேலையை விட்டே நின்றார். பிள்ளைகள் நால்வர் இருந்த வீட்டில் இரண்டு மாதம் வருவாய் இல்லை. “என்ன பிடிவாதம் இது?” என்று உறவினர் கடிந்தனர்.

பிடிவாதம் அன்று, கணக்கு. கியரில் இறங்கும் வண்டியை எஞ்சின் பின்னிழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் மீதே விழுகிறது. டிரம்கள் கொதித்துப் பிடிப்பை இழக்கின்றன. அதன்பின் கியரைப் போட்டுத் தப்பலாம் என்றால் அதுவும் நடவாது. பின்தண்டு 1,500 சுற்று ஓடும்போது, நாம் மேலே கொண்ட கணக்கின்படி, மூன்றாம் கியருக்கு எஞ்சின் 3,600 சுற்று ஓட வேண்டும். டீசல் எஞ்சினின் கவர்னரோ அவ்வளவுக்கு விடாது. கியர் விழ மறுக்கும். வண்டியும் நிற்க மறுக்கும்.

மிச்சம் என்று முதலாளி சொன்னதும் மெய்யன்று. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகமாகச் சுழலும் வரை கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான், எஞ்சின் அணையாதிருக்கச் சிறிதளவேனும் டீசல் எரிந்துகொண்டிருக்கும். சாச்சா இதைப் படித்தறிந்தவரல்லர். “ஏறுன கியர்லயே இறங்கணும்” என்ற முன்னோர் சொல்லையே அவர் பற்றி நின்றார்.

இன்றைய லாரிகளில் சிங்க்ரோமெஷ் வந்துவிட்டது. டபுள் கிளட்ச்சை அறியாத ஓட்டுநரே மிகுதி. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் இறக்கத்தின் விதி மாறவில்லை. வண்டி ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். மலையிறங்கும் முன்பே, சமதரையிலேயே கியரைக் குறைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்வோம். அதற்காக அவர்கள் ஒரு வேலையை இழந்து வீடு திரும்பினால், கடிந்துகொள்ளாமல் சோறிட்டு உட்கார வைப்போம்.