புது வண்டிகளின் வரிசை

ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் காலை பத்து மணிக்கெல்லாம் புது வண்டிகள் வந்து நின்றுவிட்டன. ஓட்டி வந்தவர்கள் ஷோரூம் பையன்கள். வாங்கியவர்கள் பின்னால் பஸ்ஸிலும் பழைய வண்டியிலுமாக வந்து சேர்கிறார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிபடவில்லை. டயரில் ரப்பர் மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரே மர நிழலில் டீக்கடை, அதன் முன்னால் ஒரு பெஞ்ச். யாரிடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து பார்க்க அந்த இடம் போதும்.

2025 செப்டம்பரின் கடைசி வாரம். ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை, அது எப்போதும் உள்ளது. ஆவணியில் எடுத்திருக்க வேண்டியவர்களும் இந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வரி குறையும் என்ற அறிவிப்பு சுதந்திர தினத்தன்று வந்தது. அன்றிலிருந்து ஷோரூம்கள் ஈயோட்டின. பிறகு மகாளய பட்சம். ஞாயிற்றுக்கிழமை அமாவாசை கழிந்தது. மறுநாள், 22ஆம் தேதி, 350 சி.சி. வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கும் சிறிய கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அக்டோபர் முதல் தேதி ஆயுத பூஜை. பஞ்சாங்கமும் வரிப் பட்டியலும் ஒரே நாளில் வழிவிட்டதால் இரண்டு மாதத்துக் கூட்டம் ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது.

ஒரு பையன் குனிந்து, சேசிஸ் எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறான். கருமைக்குள்ளிருந்து எண்கள் வெள்ளையாக எழுந்து வருகின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எட்டு வண்டிகளுக்கு எடுத்தாக வேண்டும். அவன் கையில் இருக்கும் கோப்பில் படிவம் 20. சிலிண்டர் எத்தனை, கன அளவு எவ்வளவு, எரிபொருள் என்ன என்று அது கேட்கிறது. இஞ்சினை மட்டுமே அறிந்த காலத்தில் எழுதிய கேள்விகள். வரிசையில் மூன்றாவதாக நிற்கும் வண்டிக்கு இஞ்சினும் இல்லை, சிலிண்டரும் இல்லை. மோட்டார் எண்ணை எழுதிவிட்டு அவன் அடுத்ததற்குப் போகிறான்.

அந்த எரிபொருள் கட்டத்தில் நாடு முழுக்க எழுதப்படுவதெல்லாம் ‘வாகன்’ என்ற அரசுத் தளத்தில் போய்ச் சேர்கிறது. தெலங்கானா தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களின் கணக்கும் அதில் உண்டு. கைபேசியில் யாரும் திறந்து பார்க்கலாம். 2024இல் இந்தியாவில் பதிவான புது வண்டிகள் சுமார் 2.6 கோடி. அவற்றில் மின்சார வண்டிகள் ஏறத்தாழ 19.5 லட்சம். எண்ணைப் பார்த்தவர்கள் கட்டுரை எழுதிவிட்டார்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் இந்த வாசலில் நிற்கிறார்கள்.

மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் வாங்கப்போகும் ஒரு ஸ்கூட்டரின் பக்கத்தில் தாயும் மகளும். மகளின் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது. ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறாள், கண்களில் தூக்கம். அம்மா வண்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தள்ளி நின்றே கேட்கிறார்:

“கரண்ட் பில் ஐந்நூறத் தாண்டிடுமா பாப்பா?”

“ரெண்டு மாசத்துக்கு எழுபது யூனிட்தாம்மா வரும். நம்ம வீட்ல ஃபிரிட்ஜ் சேத்தே முந்நூறுதான வருது.”

தமிழ்நாட்டில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த ஐந்நூறு என்ன என்று தெரியும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கும் அந்தத் தாயின் மனதில் ஓடுகிறது. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகும், இதற்குக் கால் ரூபாய்தான் என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, மீட்டர் பெட்டியின் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே இங்கே வந்திருக்கிறார். நாட்டின் எரிபொருள் மாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்லப்படுவதை இப்படிப்பட்ட அம்மாக்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு எந்த ஆலோசனை நிறுவனத்தின் கணக்குக்கும் குறைந்ததில்லை.

நான்கு வண்டி தள்ளி ஒரு இளைஞன். அவனுடையது கருப்பு நிற 125 சி.சி. பெட்ரோல் பைக். அதே மாதிரி அடையாள அட்டை, அநேகமாக அதே மாதிரி சம்பளம். கூட வந்தவன் பச்சை பிளேட் வண்டிகளைக் காட்டி ஏதோ கேட்கிறான்.

“மூணாவது மாடிடா. ரூம்ல ஏழு பேரு. வொயர எங்கேருந்து இழுக்கறது? ஓனர் போன் சார்ஜுக்கே மொறைக்கறாரு.”

அவ்வளவுதான் அவன் சொன்னது. வரி குறைந்ததில் பைக் விலை ஏழெட்டாயிரம் இறங்கியிருக்கிறது. மின்சார வண்டிக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5 சதவீதம். அதற்கான மத்திய அரசு மானியமோ ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது: 2023 மே வரை பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய், ஜூனிலிருந்து 10,000, 2024 ஏப்ரலிலிருந்து 5,000, 2025 ஏப்ரலிலிருந்து 2,500. மாநில அரசின் சாலை வரி விலக்கு இன்னும் இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கு விலையில் 10 அல்லது 12 சதவீதம் ஆயுள் வரி கட்ட வேண்டும், மின்சார வண்டிக்கு அது இல்லை. ஆனால் அந்த இளைஞனுக்கு இவை எதுவுமே தடையில்லை. ஒரு பிளக் பாயின்ட் இல்லை, அதுதான் தடை. தொழிற்சாலைகளைச் சுற்றிய ஊர்களில் மேன்ஷன்களிலும் லைன் வீடுகளிலும் இருக்கிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! மானியத்தைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதியாவது வாடகை அறையின் பிளக் பாயின்ட்டைப் பற்றி நடக்க வேண்டும்.

ஊர் எது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஏறிப்போகும் டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் இதே ஓசூரிலிருந்துதான் வெளியே வந்தது. பால்காரர், தபால்காரர், ஆசிரியர், பூக்காரர் என்று ஒரு தலைமுறையே அதில் ஏறிப் போனது. இன்று டி.வி.எஸ்.ஸின் ஐகியூப் மின்சார ஸ்கூட்டரும் அதே ஊரில் தயாராகிறது. ஏத்தர் ஸ்கூட்டர்கள் தயாராவதும் இங்கே. ஓலாவின் தொழிற்சாலை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில். டீசல் லாரிகள் செய்யும் அசோக் லேலண்டும் ஓசூரில்தான். பெட்ரோலும் டீசலும் மின்சாரமும் ஒரே ஊரின் கைகளில் உருவாகி ஒரே தேசிய நெடுஞ்சாலையில் வெளியேறுகின்றன. உருவாக்கிய கைகளில் சில, கோப்பைப் பிடித்துக்கொண்டு இந்த வரிசையில் நிற்கின்றன.

பதினொரு மணிக்கு மேல் கார்கள். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தாலே எரிபொருள் தெரிந்துவிடும். டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் இளநீலம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு இது கட்டாயம். பார்த்துக்கொண்டே இருந்தேன். இளநீலம், இளநீலம், இளநீலம். ஆரஞ்சு ஒட்டிய பெரிய கார் ஒன்று வருவதற்குள் டீ ஆறிவிட்டது.

டாக்ஸிக்கென்று ஒரு சி.என்.ஜி. கார் எடுத்திருக்கிற நடுவயதுக்காரர் ஏஜென்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறார். தலை பாதி நரைத்திருக்கிறது. “மொத வண்டி டீசல் இண்டிகா. அடுத்தது டீசல் டிசையர். டீசல் இல்லாத வண்டி ஒரு வண்டியான்னு பேசுன ஆளு நான்” என்கிறார். அவர் பேசியதில் தவறில்லை. 2012இல் ஒரு கட்டத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்தில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல். 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா என்று டீசல் விலை ஏறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் அரசு பிடியை முழுவதும் விட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சின்ன டீசல் இஞ்சினை அந்த அளவுக்குச் சுத்தப்படுத்தும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. 2024-25 நிதியாண்டில் சி.என்.ஜி. கார்களின் விற்பனை டீசல் கார்களைத் தாண்டிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்த இந்தப் புரட்டலை அந்த மனிதர் மூன்று வண்டிகளில் வாழ்ந்து முடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடன் வாங்கித்தான்.

பெட்ரோல் என்று எழுதப்படுகிற கட்டமும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்க்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் டேங்குக்குள் வந்துவிட்டன. இந்த மாற்றத்துக்கு மட்டும் வண்டிக்காரரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

மதியம் நெருங்கும்போது ஒரு மின்சார ஆட்டோ. சாமந்தி மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைத்திருக்கிறார்கள். சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். உள்ளே மனைவி, இரண்டு குழந்தைகள். ஓட்டுநர் இறங்கி நின்றவர் ஸ்டீயரிங் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த 19.5 லட்சத்தில் இவரைப் போன்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024இல் இந்தியாவில் பதிவான மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கும் மேல் மின்சாரம். இருசக்கரத்தில் 100க்கு 6. காரில் 100க்கு 2 அல்லது 3. சரக்கு லாரியில் ஒன்றுகூட முழுதாக வராது. மூன்று சக்கரத்தின் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற வடமாநிலங்களின் இ-ரிக்‌ஷாக்கள். நம் ஊரில் ஆட்டோ என்றால் இன்னும் பெட்ரோலும் கேஸும்தான். ஆனாலும் அந்த எண்களின் வரிசை சொல்லும் செய்தி ஒன்றே. கையில் காசு அதிகம் உள்ளவர்கள் முதலில் மாறுவார்கள், மெல்ல மெல்ல ஏழைகளிடம் அது வந்து சேரும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே தலைகீழ். அன்றன்றைக்குச் சம்பாதித்து அன்றன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் போயிருக்கிறார்கள். எரிபொருளில் மிச்சமாகும் ஒவ்வொரு நூறு ரூபாயும் அவர்களுக்கு அரிசி. பேட்டரி ஆட்டோவுக்கு 2018 முதல் பெர்மிட் வேண்டாம் என்பதும் ஒரு பெரிய காரணம்.

அப்படியென்றால் முன்னால் போவதன் ஆபத்தும் அவர்களுடையதுதான். நான்கு வருஷம் கழித்துப் பேட்டரி களைத்தால், கார் வைத்திருப்பவர் வேறு கார் எடுப்பார். இவர் கடனை முடித்த கையோடு புதிய கடனுக்குப் போக வேண்டும். பழைய பேட்டரி வண்டிக்கு என்ன விலை என்று நிலையாகச் சொல்லும் சந்தை இன்னும் உருவாகவில்லை. அந்த விலை நிலைக்கும்வரை ஆட்டோக்காரருக்குக் குறைந்த வட்டிக் கடனும் பேட்டரிக்கு உறுதியான காப்பும் கொடுப்பது உதவி ஆகாது, அவருக்குச் செய்ய வேண்டிய கடமை அது. நாட்டின் கணக்கை முன்னால் தள்ளிக்கொண்டு போவது அவர் தோள்.

ஆய்வாளர் வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், எண்ணைச் சரிபார்த்தார். சின்னக் குழந்தை கைதட்டியது.

நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பஸ் சேசிஸ் போகிறது. கூடு இல்லை, கூரை இல்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஒருவர் ஓட்டிப் போகிறார், கரூரில் கூடு கட்டுவதற்காக இருக்கும். டீசல் புகை வாசனை பெஞ்ச் வரை வந்தது. 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நகரத்துக்குள் அது ஆகும். நாமக்கல் லாரி ஒன்று சரக்கேற்றிக்கொண்டு வட இந்தியா போய்த் திரும்புவதற்கு டீசலை விட்டால் இன்று வேறு வழி இல்லை. டிராக்டருக்கும் அப்படியே. வாசலில் ஒரு டிராக்டர் நிற்கிறது, அதற்கு யாரும் ஸ்டிக்கரைத் தேட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு அப்பாவும் மகனும். மகன் எடுத்திருப்பது மின்சார ஸ்கூட்டர். அப்பா சூளகிரிப் பக்கத்து விவசாயி என்பது அவர் வந்த எக்ஸ்.எல். மொபெட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பின்சீட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். கேரியரில் கொத்தமல்லித் தழை ஒட்டிக் காய்ந்திருக்கிறது. விடியற்காலை சந்தையில் கட்டுகளை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். ஸ்கூட்டரை இரண்டு முறை சுற்றி வந்தார். கால் வைக்கும் இடத்தை விரலால் அளந்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

“இதுல எத்தன கட்டு ஏத்தலாம்?”

“அப்பா, இது ஆள் போற வண்டி.”

“ஆள் போறதுக்கு பஸ் இருக்குதே.”

ஷோரூம் பையன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. மண் சாலை, மேடு, அதிகாலைப் பனி, முன்னும் பின்னும் மூட்டை என்று அவர் ஓட்டும் பாதையை மகனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த ஊரில் வண்டி வடிவமைக்கிற பொறியாளர்கள் கேட்க வேண்டிய பேச்சு அது. அவருக்கு ஏற்ற வண்டியை 1980இல் செய்து காட்டிய ஊர்தானே இது.

ஷோரூம் பையனின் தோளில் கை வைத்து அவர் சொன்னார்: “நூறு கிலோ தாங்கற மாதிரி ஒண்ணு வந்தா எனக்கு போன் பண்ணு தம்பி. மொத ஆளா நான் வந்து எடுக்கறேன்.”